ஓட ஓட செட் ஆயிடும், சார்

கடையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள், தட்டிலிருந்த முறுக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்கள், செருப்பு மாட்டும்போதுதான் வந்த விஷயத்தைக் கேட்டீர்கள். "மேடம், ஒரு ஸ்கூட்டர் விலைக்கு ஸ்பீக்கர் கேபிள் விக்கிறோமே, அதை மனசாட்சியோட விக்கலாமா, கூடாதா?" வாசலில் நின்றுகொண்டு பதில் சொல்கிற கேள்வி இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் முதலில். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு அடி தூரம். நல்ல செம்பு, போதுமான தடிமன், முனைகள் இறுக்கமாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் பாட்டு ஒழுங்காகப் போய்ச் சேரும். வெல்வெட் பெட்டியில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் மாதிரி சுருண்டு வருகிறதே, அந்தக் கேபிளை வாங்குகிறவர் ஆசைப்பட்டு வாங்கினால் கொடுங்கள். ஆசைப்படுவது குற்றம் இல்லை. பட்டுப்புடவை மட்டும் என்ன, உடம்பை மறைக்கவா வாங்குகிறோம்? ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டே கேட்காது என்று பயமுறுத்தி விற்காதீர்கள். அவ்வளவுதான் என் கொள்கை.

இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் திமிராகவே இருந்தேன். அந்தத் திமிரால் ஒரு மனிதருக்கு ஒரு காது போகப் பார்த்தது. நீளமான பதில் அதுதான்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய நம் கடையில் நான் சேர்ந்தபோது, வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் மாட்டும் இந்த வேலையில் பொம்பளைகளைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள்தான் அதிகம். வயர்ப் பையோடு வீட்டு வாசலில் போய் நின்றால், "டெக்னீஷியன் எப்போ வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். அருள்ராஜ் சார் வீட்டில் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும், "வாங்க மேடம், முதல்ல மோர் குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் வீடு. பள்ளியில் கணக்கு வாத்தியார், சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது மூன்றாவது வரிசையில் யார் சுருதி விலகினார்கள் என்று முகத்தைத் திருப்பாமலே சொல்லிவிடுவாராம். அவர் மனைவி ஸ்டெல்லா பெருமையாகச் சொன்னார்.

சார் பல வருட ஆசைக்குப் பிறகு நல்ல ஆம்ப்ளிஃபயர், நல்ல ஸ்பீக்கர் இரண்டும் எங்களிடம் வாங்கியிருந்தார். கேபிளும் அந்த வெல்வெட் பெட்டியிலிருந்துதான் வேண்டும் என்றார். நான்தான் தடுத்தேன்.

"சார், உங்க ரூமுக்கு இந்தச் சாதா செம்புக் கேபிளே தாராளம். மிச்சப் பணத்துல மேடத்துக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்க."

"அப்படியா சொல்றீங்க? இன்டர்நெட்ல எல்லாம் வேற மாதிரி போட்டிருக்கானே?"

"இன்டர்நெட்ல இருக்கறவன் உங்க வீட்டுக்கு வந்து கேட்கப் போறதில்லை சார். என்னை நம்புங்க."

நம்பினார். சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் பொருத்தி, அவர் நாற்காலியின் இடத்தை டேப் வைத்து அளந்து போட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே போன் செய்தார். "பிரமாதம் மேடம்" என்றார். எனக்கு ஏக சந்தோஷம். முதலாளிக்கு மட்டும் இல்லை. கேட்டு வந்தவருக்கே விலை உயர்ந்த கேபிளை விற்காதவள் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை அருள்ராஜ் சாரிடமிருந்து மறுபடி போன்.

"மேடம், லெஃப்ட் சைடு டல்லா இருக்கு. முந்தாநாள் இருந்த மாதிரி இல்லை. சன்னமா ஒரு உய்ங்னு சத்தம் வேற வருது."

நான் அப்போது பல்லாவரத்தில் இன்னொரு வீட்டில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நம் தொழிலில் எல்லோரும் சொல்லும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

"புதுக் கேபிள் இல்லையா சார்? ஒரு வாரம் ஓடட்டும். ஓட ஓட செட் ஆயிடும்."

இதை நீங்களும் கற்றுக்கொண்டிருப்பீர்கள். கடையில் சேர்ந்த முதல் மாதமே இது வாயில் ஒட்டிக்கொள்ளும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போலக் கேபிளும் சில நாள் ஓடினால்தான் பழகும் என்று ஒரு நம்பிக்கை. நான் ஒரு நாளும் அதை நம்பியதில்லை. கேபிள் என்பது கம்பி. அது முதல் நாள் எப்படி இருக்குமோ அப்படித்தான் ஏழாம் நாளும் இருக்கும். நம்பாத ஒன்றை எதற்குச் சொன்னேன்? போனை வைக்க வேண்டும், அதற்காகத்தான். ஒரு வாரத்தில் ஆட்களுக்குக் காது பழகிவிடும், புகார் தானாகவே மறைந்துவிடும், ஏணியைவிட்டு இறங்கி சேலையூர் போக வேண்டியதில்லை. நான் மட்டுமல்ல, கடையில் எல்லோருக்கும் இதே கதைதான்.

புதன்கிழமை திரும்பவும் கூப்பிட்டார். குரலில் கூச்சம் தெரிந்தது. "தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றார். "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் சார்" என்றேன். வெள்ளிக்கிழமை அவர் என்னை விட்டுவிட்டு முதலாளியையே கூப்பிட்டுவிட்டார்.

முதலாளி என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பேசினார். "ஏம்மா இப்படிப் பேஜார் பண்றே? அவரு காஸ்ட்லி கேபிள் கேட்டாரு. நீ இன்னாத்துக்கு வேணாம்னே? இப்ப பாரு, டல்லுன்றாரு. நாளைக்கு அந்தப் பெட்டிய எடுத்துக்கினு போ. மாட்டு. அவருக்குப் புடிக்கும். முடிச்சுட்டு வா."

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணி சுமாருக்கு வெல்வெட் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். ஆனால் நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. பெட்டியைத் திறக்கும் முன் என் கேபிள் குற்றவாளி இல்லை என்று நிரூபித்துவிட வேண்டும் என்ற வீம்பு இருந்தது.

உங்களுக்குத் தெரிந்த வழிதான். இடது கேபிளை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினேன். கோளாறு கேபிளில் இருந்தால், கேபிளோடு சேர்ந்து அதுவும் பக்கம் மாற வேண்டும். அருள்ராஜ் சார் கண்ணை மூடிக் கேட்டார். "லெஃப்ட்தான் மேடம், மாறலை." ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இணைப்பை மாற்றினேன். லெஃப்ட்தான். ஸ்பீக்கர் இரண்டையும் தூக்கி இடம் மாற்றினேன், இடுப்பு கழன்றது. அப்போதும் லெஃப்ட்தான். பிறகு அவரை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் நான் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பளிச்சென்று கேட்டது. உய்ங் சத்தமா? ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சாமான் எல்லாம் சரியாக இருக்கிறது, எனக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. இங்கே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வெட்கத்தோடு சொல்கிறேன். ஆசைப்பட்ட கேபிள் கிடைக்காத ஏக்கம், மனப்பிரமை என்று நினைத்தேன். விலை ஏறினால் இவருக்கு எல்லாம் கேட்டுவிடும் என்று மனதுக்குள் சிரித்தேன். பெட்டியைத் திறந்து, அந்தத் தடிக் கேபிளை மாட்டி, அவர் வழக்கமாகக் கேட்கும் பாட்டைப் போட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மலர்ந்தது. "ஆமா மேடம், தெளிவு கூடியிருக்கு."

ஸ்டெல்லாவுக்கு அப்பாடா என்றிருந்தது. "ஒரு வாரமா இதே புலம்பல் அக்கா. இதையே வச்சுடுங்க, நிம்மதியாப் போகுது" என்றார். வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டேன். "புடிச்சுச்சா? நான்தான் சொன்னேன்ல? பில்லைப் போட்டுட்டு வா" என்றார். நான் பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

அருள்ராஜ் சார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, ஒரு குழந்தை கேட்பது மாதிரி கேட்டார்.

"அந்த உய்ங் மட்டும் இன்னும் இருக்கு மேடம். அதுவும் ஓட ஓட செட் ஆயிடும்ல?"

"ஆயிடும் சார்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்துவிட்டேன். ஆனால் சொல் வரவில்லை. போனில் முகம் தெரியாமல் சொல்வது சுலபம். எதிரில் உட்கார்ந்து, நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிற ஒருவரிடம் நம்பாத ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் அவர் கேட்பது எதை?

ஆம்ப்ளிஃபயரின் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஃபேனையும் அணைத்தேன்.

"சார், இப்போ அந்த உய்ங் கேக்குதா?"

"கேக்குதே" என்றார் சாதாரணமாக. பிறகு அணைந்து கிடந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார்.

மறுபடி போட்டேன். "நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருங்க சார்." அவர் ஏன் என்று கேட்காமல் திருப்பி உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. "இப்போ எந்தப் பக்கம் டல்?"

அவர் கையைத் தூக்கித் தன் இடது பக்கம் காட்டினார். அவர் திரும்பி உட்கார்ந்திருந்ததால், அந்தக் கை வலது ஸ்பீக்கரைத்தான் காட்டியது. இத்தனை நேரம் நன்றாகக் கேட்கிறது என்று சொன்ன அதே ஸ்பீக்கர். நான் கேபிளை மாற்றினேன், இணைப்பை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன். எதற்கும் இடம் மாறாத கோளாறு, அவர் திரும்பியதும் அவரோடு திரும்பிவிட்டது.

"சார், இது காது. உடனே ஈ.என்.டி. பார்க்கணும்."

"ஜலதோஷம் மேடம். திங்கட்கிழமை எழுந்திருக்கும்போதே கொஞ்சம் அடைச்ச மாதிரிதான் இருந்துச்சு. குளிச்ச தண்ணி போயிருக்கும்னு விட்டுட்டேன். நாளைக்குப் பிராக்டீஸ் இருக்கு, கிறிஸ்துமஸ் கேரல் கிட்ட வந்துடுச்சு. அது முடியட்டும், பார்த்துக்கலாம்."

நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போன சனிக்கிழமை "பிரமாதம்" என்று சொன்ன காது திங்கட்கிழமை திடீரென்று மங்கியிருக்கிறது, அதில் சத்தம் வேறு. இது காத்திருக்கிற சமாச்சாரமாக எனக்குப் படவில்லை. ஏற்கனவே என் பேச்சைக் கேட்டு ஆறு நாள் காத்திருந்துவிட்டார்.

"ஸ்டெல்லா, நீங்களாவது சொல்லுங்க" என்றேன்.

ஸ்டெல்லா சொல்லவெல்லாம் இல்லை. அலமாரியிலிருந்து அவர் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். "போடுங்க" என்றார்.

குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு காது மருத்துவரின் கிளினிக் சனிக்கிழமை ஒரு மணியோடு மூடிவிடும், ஞாயிறு லீவு. போன் செய்தால், டோக்கன் முடிந்துவிட்டது, திங்கள் வாருங்கள் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். மணி பன்னிரண்டு இருபது. அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் ஸ்கூட்டரில் முன்னால் பறந்தேன். தாம்பரம் தாண்டுவதற்குள் என் உயிர் போய்த் திரும்பியது. கிளினிக்கில் அந்தப் பெண்ணிடம் கெஞ்சினேன். பயனில்லை. டாக்டர் அறை வாசலிலேயே நின்றுகொண்டேன். ஒரு நோயாளி வெளியே வந்தபோது கதவு இடுக்கில் தலையை நீட்டி, "டாக்டர், திங்கட்கிழமை திடீர்னு ஒரு காது மந்தமாயிடுச்சு, உய்ங் சத்தம், வயசு ஐம்பது" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இருக்கச் சொல்லுங்க. நான் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்" என்றார்.

அந்தப் பதில் வந்த வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது விளையாட்டு இல்லை என்று.

சோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் கேட்டார். "ஆறு நாளா என்ன பண்ணீங்க?"

"கேபிள் கோளாறுன்னு நினைச்சேன் டாக்டர்" என்றார் அருள்ராஜ் சார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உள்காதின் நரம்பு சம்பந்தப்பட்டது என்றார் டாக்டர். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் திரும்பி வர வாய்ப்பு உண்டு, நாள் போகப் போக அது குறையும். சிலருக்கு முழுதாக வரும், சிலருக்குப் பாதி, சிலருக்கு வராது. "இன்னும் லேட் ஆகலை. ஆனா நான் உறுதி கொடுக்க மாட்டேன்" என்று சொல்லி அன்றே மாத்திரையை ஆரம்பித்தார்.

மருந்துக் கடை வாசலில் ஸ்டெல்லாவிடம் உண்மையைச் சொன்னேன். "திங்கட்கிழமையே அவர் எனக்குப் போன் பண்ணினார். ஓட ஓட சரியாயிடும்னு நான்தான் சொன்னேன். அதை நானே நம்புறதில்லை. போனை வைக்கிறதுக்காகச் சொன்னேன்."

ஸ்டெல்லா மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "அவர் உங்களை நம்புனார். நான் டாக்டர்கிட்ட போகலாம்னு செவ்வாய்க்கிழமையே கேட்டேன். மேடம் ஒரு வாரம் ஆகும்னு சொல்லியிருக்காங்கன்னார்" என்றார். மருந்தை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கடைக்குத் திரும்பினால் முதலாளி வாசலிலேயே நின்றார். "பில் எங்கே?" விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நானும்தானம்மா இருவது வருசமா எல்லார்கிட்டயும் அதையே சொல்லிக்கினு கீறேன்" என்றார். பிறகு மெதுவாக, "அந்தக் கேபிள் அங்கியே கெடக்கட்டும். இப்பப் போய்க் கேக்காதே" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. போன் செய்து கேட்கவும் தைரியமில்லை. ஐந்தாம் நாள் அருள்ராஜ் சாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "பாடுகிறவர் இன்று வலது ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்தார்."

உங்களுக்கு இது புரியும். இரண்டு காதும் சமமாக இருந்தால், பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்பது போலக் கேட்கும். இடது காது மங்கியதும் அவருக்குப் பாட்டு முழுக்க வலது பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் இல்லையா? தினமும் காலையில் அதே நாற்காலி, அதே பாட்டு, அதே அளவு சத்தம். அந்தக் குரல் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தன் காதைத் தானே அளந்துகொண்டிருந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் அவர் வீட்டு டிவி மேசை. எனக்குச் செய்தி வரும். "இன்று டிவி மேசையின் ஓரம்." இரண்டு நாள் கழித்து, "நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறார்." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு, "டிவிக்கு முன்னால் வந்துவிட்டார்." நான் போனை எடுத்துப்போய் முதலாளியிடம் காட்டுவேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். மற்ற வேலை எல்லாம் அப்புறம்தான்.

நடுவில் ஒரு நாள் ஸ்டெல்லா அந்த வெல்வெட் பெட்டியைக் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பழைய செம்புக் கேபிளையே சார் மாட்டிக்கொண்டாராம். "டாக்டர் நம்பிக்கையாப் பேசுறார் அக்கா" என்றார். அக்கா என்று அவர் வாயிலிருந்து மறுபடி வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த நாளுக்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை "ஓடட்டும் சார்" என்று யாருக்கும் சொன்னதில்லை. எவ்வளவு சின்னப் புகாராக இருந்தாலும் நேரில் போனேன். பத்தில் ஒன்பது முறை எலி கடித்த வயராகவோ, தளர்ந்த முனையாகவோதான் இருந்தது. போனதற்காக நான் ஒரு முறைகூட வருத்தப்பட்டதில்லை. நீங்கள் யாருக்கு எந்தக் கேபிளை விற்றாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவர் ஏதோ சரியில்லை என்று சொன்னால், உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது என்பதற்காக அவருக்கும் கேட்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

நான்காவது வாரம் ஒரு காலை, கடையைத் திறந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். அருள்ராஜ் சார் போனில் வந்தார்.

"மேடம், நேத்து டாக்டர் பார்த்தார். ஏறக்குறைய வந்துடுச்சாம். இனிமே இதுக்கு மேல வராதுன்னு நினைக்கிறார்."

"பாடுறவர் எங்கே சார் நிக்கிறார்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நடுவுல இருந்து ஒரு சாண் வலது பக்கம்."

அந்த ஒரு சாண் என்னுடைய ஆறு நாள் என்று எனக்குத் தெரியும்.

"அதுக்கு ஏன் மேடம் பேச மாட்டேங்கறீங்க?" என்று அவர் சிரித்தார். "நாற்காலியை ஒரு சாண் இடது பக்கம் தள்ளி, லெஃப்ட் ஸ்பீக்கருக்குக் கிட்டப் போட்டுட்டேன், அந்தக் காதுக்குக் கொஞ்சம் கூடுதலாக் கேக்கட்டும்னு. இப்போ நேரா என் எதிர்லதான் நிக்கிறார்."